பிறர் வெட்டி ஒட்டிய சேஸிஸ் நம் பழைய காருக்குப் பொருந்துமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய கார்களைப் புதுப்பித்து வைத்திருப்போர் பெருகி வருவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். சேஸிஸ், அதாவது காரின் எடையைத் தாங்கும் அடிச்சட்டம், துருப்பிடித்துப் போனால் கவலைப்பட வேண்டாம், பழைய இரும்புக் கடைகளில் வேறொன்று கிடைக்கும், அது வெட்டி மாற்றியமைக்கப்பட்டதாக இருந்தாலும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒருவர் அதில் கூறியிருந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடக்கூடிய இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எல்லாக் கார்களுக்கும் எழுவதில்லை. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய சேஸிஸ் கிடையாது. ஜீப்புக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் உண்டு. நம் பகுதியில் புதுப்பிக்க எடுத்துக்கொள்ளப்படும் கார்களில் ஹெரால்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. 1961 முதல் சென்னையிலேயே உருவான கார் அது. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959இல் அதை வெளியிட்டபோது, மற்ற நிறுவனங்கள் தனி சேஸிஸைக் கைவிட்டு உடலையும் அடித்தளத்தையும் ஒன்றாகச் செய்யத் தொடங்கியிருந்தன. ஆனால் முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தரக்கூடிய தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், டிரையம்ப் வேறு வழியின்றித் தனி சேஸிஸின் மேல் உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு இணைக்கும் முறைக்குத் திரும்பியது. உடலைக் கழற்றிவிட்டு சேஸிஸை மட்டும் தனியே பார்க்க முடிவதும், சேஸிஸை மாற்றிவிடலாம் என்ற ஆசை எழுவதும் இதனால்தான்.

அந்த சேஸிஸின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும். காரின் நடுவில் நெருக்கமாக ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள்தான் அதன் முதுகெலும்பு. முன்னால் எஞ்சினுக்கும் முன்சக்கரத் தொங்கலுக்கும் (சஸ்பென்ஷன்), பின்னால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கிரவுனுக்கும் இடம்விட்டு அவை விரிகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களின் மேல்தான் உடல் அமர்கிறது. பின்பக்கத்தில் குறுக்குவாட்டாக ஒரே கமான் பட்டை (ஸ்பிரிங்) கிரவுனின் மேல் அமர்ந்து இரு சக்கரங்களையும் தாங்குகிறது. 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் இதே குடும்பத்துக் கார் என்றாலும், அதற்குப் பின்னால் ஒரே தண்டாக அமைந்த ஆக்சில். ஆகவே "கெஸல் சேஸிஸ்தான் சார், அப்படியே உட்காரும்" என்று கடைக்காரர் சொன்னால், அது நம் ஹெரால்டின் பின்பக்க அமைப்பையே மாற்றிவிடும் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

இரும்பைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சட்டத்தின் கண்ணில் வண்டியின் அடையாளமே சேஸிஸ் எண்தான். வேறொரு வண்டியின் எண் பொறித்த சேஸிஸை நம் உடலுக்குக் கீழே வைத்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படியான மாற்றங்களை உரிய அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு கூறுகிறது. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு நம் எண்ணைப் பொறித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர் நம்மைக் குற்ற வழக்கில் தள்ளுகிறார். விற்பவரிடம் அந்த சேஸிஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு முறையாக ரத்து செய்யப்பட்டதா என்று கேளுங்கள். 55ஆம் பிரிவின்படி, அழிந்துபோன வண்டியைப் பற்றி அதன் உரிமையாளர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். எண் இருக்கும் இடத்தில் பென்சிலைத் தேய்த்து அச்சு எடுத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தகடு மட்டும் வழவழப்பாகவோ குழிந்தோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பிவிடுவது நல்லது.

அண்மையில் நண்பர் ஒருவருக்காகப் பழைய இரும்புக் கடையொன்றில் ஹெரால்டு சேஸிஸ் ஒன்றைப் பார்த்தேன். தார் கலந்த கருப்புப் பெயிண்ட் தடிப்பாகப் பூசியிருந்ததால் பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. காந்தத்தை இடது நீளச் சட்டத்தின் மேல் மெல்ல நகர்த்தியபோது, கியர்பாக்ஸ் தாங்கிக்குச் சற்றுப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்கு அது பிடிமானமின்றி வழுக்கியது. அங்கே சுரண்டினால் பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே சட்டத்தைச் செங்குத்தாக வெட்டி நேர்கோட்டில் ஆர்க் வெல்டிங் அடித்த தடம். எப்போதோ ஒரு டீசல் எஞ்சினையும் அதற்கேற்ற நீண்ட கியர்பாக்ஸையும் நுழைப்பதற்காக அந்த இடத்தில் சட்டத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு அதைத் திரும்ப வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மணிமணியாகத் திரண்டிருந்த வெல்டிங், தகட்டின் உள்ளே இறங்கவே இல்லை. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இடம்தான் காரின் நடு எடையையும் முறுக்கையும் தாங்க வேண்டிய இடம்.

இப்படிப்பட்ட சேஸிஸை அளக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சமதரையில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் அதை வைத்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தால் நான்கு மூலைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று மூலைகள் சேர்ந்து நான்காவது மட்டும் சேரவில்லையென்றால் சேஸிஸ் முறுக்கியிருக்கிறது. பிறகு, கம்பெனியில் போட்ட துளைகளிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, மூலைவிட்டங்களை இன்ச் டேப்பால் அளந்து ஒப்பிட வேண்டும். பின்னாளில் ஒட்டிய பிராக்கெட்டுகளின் துளைகளை அளவுக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. மூலைவிட்டங்களுக்கு இடையே ஒரு நூல் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் இருந்தால் கவலையில்லை. இரண்டு நூலைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். மூலைவிட்டம் சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டிச் சுருக்கிய சேஸிஸில் மூலைவிட்டங்கள் ஒத்துத்தான் போகும். ஆகவே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தையும் பார்க்க வேண்டும். ஹெரால்டுக்கு அது 91.5 அங்குலம். பழைய சிஜே3பி ஜீப்பாக இருந்தால் 80 அங்குலம் இருக்க வேண்டும். நீள ஜீப்பின் சேஸிஸை வெட்டிக் குட்டை ஜீப்புக்கு ஆக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு வெல்டிங் தடத்தைத் தேடுவதோடு இதையும் அளப்பது அவசியம்.

மாற்றங்கள் எல்லாமே கெட்டவை என்று நான் கூறவில்லை. போல்ட் போட்டுச் சேர்த்ததைக் கழற்றிவிடலாம். வெட்டி எடுத்ததைத் திரும்ப வரவழைக்க முடியாது. இதுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த அளவுகோல். சேஸிஸின் நீளச் சட்டத்தின் பக்கவாட்டில், உயரத்தின் நடுப்பகுதியில் டிரில் போட்ட ஓரிரு துளைகளை முறையாக அடைத்துவிடலாம். மேல்தகட்டிலும் அடித்தகட்டிலும் போட்ட துளை அப்படியல்ல, ஏனென்றால் சட்டம் வளையும்போது இழுவையும் அழுத்தமும் அந்த இரண்டு தகடுகளில்தான் மிகுதி. கேஸ் கட்டரால் ஊதிய துளையாக இருந்தால் அதன் சொரசொரப்பான விளிம்பிலிருந்தே விரிசல் கிளம்பும். வலுவுக்காக என்று தடித்த தகட்டை வைத்து ஒட்டியிருந்தால், அந்தத் தகடு முடியும் கோட்டைக் கவனமாகப் பாருங்கள். விறைப்பான பகுதி முடிந்து இளகிய பகுதி தொடங்கும் அந்த இடத்தில்தான் இரும்பு களைத்துப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் டி.பி. டெஸ்ட், சிப்காட்டிலும் நெய்வேலியிலும் வேலை பார்த்த வெல்டர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்று. சிவப்புத் திரவத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும். சிறிது செலவானாலும் வாங்கும் முன் அதைச் செய்துவிடுவது நல்லது.

துருவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்று மட்டுமல்லாமல், 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று வண்டிகள் தண்ணீரில் நின்ற காலங்களையும் பார்த்தவர்கள் நாம். பெட்டி வடிவச் சட்டத்துக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் வடிந்த பின்னும் வண்டல் உள்ளேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும்; துரு உள்ளிருந்து வெளியே வரும். வடிகால் துளையில் கம்பியை விட்டுக் கிளறி எதை வெளியே இழுத்து வருகிறது என்று பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஒலி மழுங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். இன்னொன்று: சாண்ட் பிளாஸ்டிங் செய்யக் கொடுக்கும்போது கடல் மணலை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள், சுத்தம் செய்த இரும்பின் மேல் உப்பை நாமே ஏற்றியதாகிவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் பெரும்பாலும் சொல்லும் பதில், உங்கள் சொந்த சேஸிஸையே சரிசெய்யுங்கள் என்பதுதான். ஹெரால்டில் முதலில் அரிக்கப்படுவது பக்கவாட்டுக் கைச்சட்டங்கள். நடுவிலுள்ள நீளச் சட்டங்கள் நன்றாக இருந்தால், கைச்சட்டங்களை அதே தடிப்புள்ள தகட்டில் புதிதாகச் செய்து சிஓ2 வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் பாதுகாப்பில் செய்யும் வெல்டிங்) பொருத்துவது நியாயமான பழுதுபார்ப்பு. வெட்டும் முன் சேஸிஸை அசையாதபடி பிரேமில் பூட்டிவிட வேண்டும், ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும், இடையிடையே கதவுகளை மாட்டி இடைவெளி சரிதானா என்று பார்க்க வேண்டும். வாஷர்களை அடுக்கி உடலைத் தூக்கிக் கதவு இடைவெளியைச் சரிக்கட்டினால் கோணல் மறைந்துவிடாது. ஓட்டும்போது ஸ்டியரிங்கில் தெரியும். நீளச் சட்டமே போய்விட்டது என்றால் மட்டும் வேறு சேஸிஸைத் தேடலாம். அப்போதும் வெட்டுப்படாத, துருப்பிடித்த சேஸிஸ், வெட்டி ஒட்டிப் பளபளப்பாக்கிய சேஸிஸைவிட எனக்கு மேலானது.

தங்கள் கட்டுரையில் இடம்பெறாத ஒரு செய்தியையும் குறிப்பிட விரும்புகிறேன். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 81ஏ முதலான விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த சொந்த உபயோக வண்டிகளை "விஏ" எழுத்துகள் கொண்ட எண்ணுடன் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், சான்று பத்து ஆண்டுகள் செல்லும். ஹெரால்டுகள் பெரும்பாலும் இந்த வயதை எட்டிவிட்டன. ஆனால் வண்டி மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸிலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பிறர் வெட்டி ஒட்டிய சேஸிஸைப் பொருத்தியவர் இந்த வாய்ப்பைத் தாமே இழக்க நேரலாம்.

எனவே சேஸிஸ் பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்கும் என்னென்ன ஆவணங்கள் வேண்டும், பணியைத் தொடங்கும் முன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) எதைக் காட்ட வேண்டும் என்பதைக் கடலூர், புதுச்சேரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் எளிய தமிழில் தம் அறிவிப்புப் பலகைகளில் எழுதி வைக்குமாறு தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, பளபளக்கும் கார்களின் படங்களோடு, உடல் கழற்றிய ஒரு சேஸிஸின் படத்தையும் எங்கெங்கு அளக்க வேண்டும் என்ற குறிப்புகளுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.