2024 ஆண்டறிக்கை: விசில் யார் கையில்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நம் சங்கத்தின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாசகசாலைக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றியாயிற்று. மைதானத்தின் கிழக்குப் பக்கம் வலை கட்டிவிட்டோம், பந்து இனி ரோட்டுக்குப் போகாது. கோடை விடுமுறையில் சிறுவர் பயிற்சி நன்றாக நடந்தது. சொல்லிக்கொடுத்த அண்ணன்மார் யாரும் ஒரு பைசா வாங்கவில்லை. அவர்களுக்கு நன்றி.

மீதி அறிக்கையை ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன். ஜூலை தொடங்கி மைதானத்திலும் டீக்கடையிலும் வலை பின்னுகிற இடத்திலும் அதுதான் பேச்சு. ரெஃப்ரியை நியமிப்பது யார்? அவருக்கும் களத்தில் இறங்குகிற அணிக்கும் என்ன தொடர்பு?

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஊரில் இருந்தார்கள், ஐரோப்பிய நாடுகள் ஆடும் யூரோ கோப்பைக் கால்பந்தும் அதே நேரத்தில் வந்தது. இங்கிலாந்து–நெதர்லாந்து அரையிறுதி நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு. வாசகசாலையில் திரை கட்டியிருந்தோம். ஆட்டத்துக்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. காரணம் ரெஃப்ரி ஃபெலிக்ஸ் ஸ்வாயர். ஜெர்மனியில் ராபர்ட் ஹோய்சர் என்ற ரெஃப்ரி சூதாட்டக்காரர்களுக்காக ஆட்டங்களைத் திருப்பியது 2005-இல் வெளியே வந்தது. அந்த விவகாரத்தை மேலிடத்துக்குச் சொன்ன நான்கு ரெஃப்ரிகளில் ஸ்வாயரும் ஒருவர். ஆனால் அதே விவகாரம் தொடர்பாக ஜெர்மன் கால்பந்து சங்கம் அவருக்கு 6 மாதத் தடையும் விதித்திருந்தது. 2021-இல் ஸ்வாயர் ஊதிய டோர்ட்மண்ட்–பேயர்ன் ஆட்டம் முடிந்ததும், அப்போது டோர்ட்மண்டுக்கு ஆடிய இங்கிலாந்து வீரர் பெல்லிங்ஹாம் இதை டிவியில் வெளிப்படையாகக் கேட்டு 40,000 யூரோ அபராதம் கட்டினார். இப்போது அதே பெல்லிங்ஹாம் ஆடும் ஆட்டத்துக்கு அதே ரெஃப்ரி, அதுவும் டோர்ட்மண்ட் மைதானத்திலேயே. 'இங்கிலாந்தை இவர் விடமாட்டார்' என்று பாதிப் பேர் சத்தியம் செய்தார்கள். நடந்தது வேறு. இங்கிலாந்தின் ஹாரி கேனை நெதர்லாந்தின் டம்ஃப்ரீஸ் தட்டியதற்கு வீடியோ பார்த்து பெனால்ட்டி கொடுத்தார். இங்கிலாந்து 2–1 என்று ஜெயித்தது. உடனே மற்றப் பாதிப் பேர், பழைய பழிக்குப் பயந்துதான் கொடுத்தார் என்றார்கள். அவர் எந்தப் பக்கம் ஊதியிருந்தாலும் காரணம் தயாராக இருந்தது. பழைய கதை தெரிந்தே அவரை அந்த ஆட்டத்துக்குப் போட்டவர்களைப் பற்றி அன்று இரவு யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

அதே ஜூலைக் கடைசியில் விஷயம் நம் வாசலுக்கே வந்தது.

பக்கத்து ஊர்கள் சேர்ந்து நடத்திய, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியின் அரையிறுதியில் நம் பிள்ளைகள் ஆடினார்கள். ஆட்டம் சமநிலை, முடியப் போகிற நேரம். சுண்ணாம்புத் தூளில் போட்ட பெட்டிக்கோடு (அதற்குள் தப்பு நடந்தால்தான் பெனால்ட்டி) இரண்டாம் பாதியில் மிதிபட்டுப் பாதி அழிந்திருந்தது. நம் டிஃபெண்டரின் கால் எதிரணிப் பையனின் கணுக்காலில் பட்டது. அவன் விழுந்த இடத்தில் மணல் ஒரு முழ நீளத்துக்குக் கீறிப் போயிருந்தது. ரெஃப்ரி அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே ஓடி வந்து நின்று பெனால்ட்டி காட்டினார். கோல். நாம் தோற்றோம்.

அன்று இரவே இன்னொரு செய்தி வந்தது. எதிரணிக்கு ஜெர்ஸி எடுத்துக் கொடுத்தவர் ஒரு படகு முதலாளி. அந்தப் படகில் ரெஃப்ரிக்கு ஒரு பங்கு உண்டு. ஊர் கொதித்தது. அடுத்த போட்டியில் அந்த ரெஃப்ரி வந்தால் களத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம் என்று பையன்மார் கிளம்பினார்கள். 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக் கோலை ரெஃப்ரி ஒத்துக்கொண்டதும் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியதையும், அதற்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் கிடைத்ததையும் மூத்தவர்கள்தான் சொல்லி அவர்களை உட்கார வைத்தார்கள். நம் ஊரில் பாதி வீட்டில் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை தொங்குவதால் அது உறைத்தது.

பிறகு ஒரு தம்பியின் போனில் இருந்த வீடியோவை நிர்வாகக் குழு நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. அழியாமல் மிஞ்சிய கோட்டையும் கோல் போஸ்டையும் வைத்துப் பார்த்தால் கால் பட்டது பெட்டிக்கு உள்ளேதான். பெனால்ட்டி சரி. தோற்றது நம் அணி என்றாலும் சங்கத்தின் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

அந்த ரெஃப்ரி தன் பங்கைப் பற்றி ஆட்டத்துக்கு முன்பே போட்டிக்குழுவில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். 'அதெல்லாம் பார்த்தால் இங்கே ஒருத்தனும் விசில் ஊத முடியாது மக்கா, நீ போய் ஊது' என்று பதில் கிடைத்திருக்கிறது. இப்போது அவர் ரோட்டில் போனால் பின்னால் கூப்பாடு கேட்கிறது. சரியாக ஊதிய மனிதருக்கு இந்தக் கதி. போட்டிக்குழு இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேறு ஆளைப் போட்டிருப்பார்கள், அல்லது இவரையே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். எப்படியும் அவர் பெயர் கெட்டிருக்காது.

ஆகஸ்ட் கூட்டத்தில் நம் வழக்கறிஞர் உறுப்பினர் ஒரு தீர்ப்பை எடுத்துச் சொன்னார். 1969-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரைபக் வழக்கு. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்த தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலரும் அதே பணிக்கு ஒரு விண்ணப்பதாரர். தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார், போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உள்ளே இருந்தார். நீதிமன்றம் தேர்வையே ரத்து செய்தது. ஒருவர் மனசுக்குள் பாரபட்சம் இருந்ததா என்று நிரூபிப்பது கஷ்டம், அப்படி இருந்திருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று பார்த்தால் போதும் என்பது அதன் அடிப்படை. ஊர்ப் போட்டிகளில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். போட்டி நடத்துகிற குழுவின் அணியும் களத்தில் இருக்கும். ரெஃப்ரியைத் தேடுவதும், அவருக்குச் சம்பளமும் பஸ் கூலியும் கொடுப்பதும் அதே குழு.

சிலர், உள்ளூர் ஆளே வேண்டாம், நாகர்கோவிலிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ கூட்டி வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்துக்கு மேற்கு ஜெர்மனி ரெஃப்ரி, மேற்கு ஜெர்மனி–உருகுவே ஆட்டத்துக்கு இங்கிலாந்து ரெஃப்ரி. இரண்டு பேரும் வெளியாட்கள்தான். ஒரே நாளில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டினும் உருகுவேயின் இரண்டு பேரும் வெளியேற்றப்பட்டார்கள். தென் அமெரிக்காவில் அந்தக் கோபம் இன்றும் பேசப்படுகிறது. நியமித்தவர்கள் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து வைத்து யோசித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ரெஃப்ரிகள் தாங்கள் எந்த கிளப்பின் ரசிகர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மைக்கேல் ஆலிவர் நியூகாசில் ரசிகர் என்பதால் நியூகாசில் ஆட்டத்தில் ஊதுவதில்லை. ஆனால் போட்டியாளர் அணியின் ஆட்டத்துக்கு என்ன செய்வது? 2024 ஏப்ரலில் எவர்டனிடம் தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், வீடியோ ரெஃப்ரி ஸ்டூவர்ட் அட்வெல் லூட்டன் ரசிகர், முன்கூட்டியே சொல்லியும் மாற்றவில்லை என்று எக்ஸ் தளத்தில் எழுதியது. கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும் தரமிறக்கத்திலிருந்து தப்ப அந்த மூன்று அணிகளும் போராடிய நேரம் அது. ஃபாரஸ்டுக்கு 7.5 லட்சம் பவுண்டு அபராதம் வந்தது. எழுதிய விதம் தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன், கேள்வி தப்பில்லை. இன்னொன்று நம் படகுப் பங்குக்கு மிக அருகில் வருகிறது. 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டயஸ் போட்ட நல்ல கோல் ஆஃப்சைடு என்று போனது. அன்று வீடியோ அறையில் இருந்த இரண்டு பேரும் அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு ஊதிவிட்டு வந்திருந்தார்கள். லிவர்பூலோடு பட்டத்துக்குப் போட்டி போடும் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர் அபுதாபி அரச குடும்பத்தவர். அந்தத் தவறுக்கும் இந்தச் சம்பளத்துக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் லிவர்பூல் ரசிகனான நம் தம்பி ஒருவனை அந்தப் பேச்சிலிருந்து இன்றுவரை இறக்க முடியவில்லை.

இதையெல்லாம் பேசி முடித்து, கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் சங்கம் நடத்திய போட்டிக்குப் புது ஏற்பாடு செய்தோம். எந்த அணியோடும் சம்பந்தமில்லாத மூன்று மூத்தவர்கள் ரெஃப்ரிகளை நியமித்தார்கள், நிர்வாகக் குழு தலையிடவில்லை. ஒவ்வொரு ரெஃப்ரியும் சொந்த ஊர், பெண்ணெடுத்த ஊர், படகில் பங்கு, வாங்கிய கடன், பயிற்சி கொடுக்கிற அணி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்கள் முன்னால் அதை வாசித்தோம். ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும், விசில் ஊதிய பிறகு அந்தப் பேச்சே கூடாது. மாற்று ரெஃப்ரி ஒருவர் எப்போதும் தயாராக இருந்தார். நம் கடற்கரையில் தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரை எந்த ஊரை எடுத்தாலும் மாமன், மச்சான், சம்பந்தி இல்லாத ஆள் கிடையாது. அதனால் உறவு இருந்தாலே தகுதியில்லை என்று வைக்கவில்லை, மறைத்தால்தான் தகுதியில்லை.

ஒரு ஆட்டத்தில் ரெஃப்ரியின் மைத்துனரே எதிர் அணியின் மேனேஜர். தாளை வாசித்ததும் நம் கேப்டன் பையன் சொன்னான்: 'அண்ணன் நல்லா ஊதுவார், அவரே ஊதட்டும்.' அந்த ஆட்டத்தில் நம் பக்கம் ஒரு கோலை ஆஃப்சைடு என்று தள்ளினார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போன பாதை இந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டுமென்றால், தோற்ற ஆட்டத்தை ஒத்துக்கொள்ளப் பழக வேண்டும். நடத்துகிறவர்கள் நேர்மையாக இருந்தால்தான் அதை அவர்களிடம் கேட்க முடியும்.

ஒரு குறை உண்டு. தாளில் வாசித்த பெண்ணெடுத்த ஊரை வைத்தே ஓரத்தில் நின்ற சிலர் ஒரு ரெஃப்ரியைக் குடும்பத்தோடு கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு அவர் வர மறுத்துவிட்டார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பி எழுதிக் கொடுத்த தாள் அவருக்கு எதிராகவே போயிற்று. விவரங்களைக் கேப்டன்களுக்கு மட்டும் காட்டிவிட்டு மூடி வைக்கலாமா, அல்லது எல்லாருக்கும் வாசித்துவிட்டுக் கேலி செய்கிறவரை மைதானத்துக்கு வெளியே அனுப்பலாமா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. என் கருத்து இரண்டாவது. மூடி வைத்த தாள் எப்படியும் டீக்கடைக்கு வந்து சேரும், வரும்போது நான்கு பொய்யும் சேர்ந்து வரும்.

அப்புறம் வேலை விஷயம். புது ஏற்பாட்டை நிரந்தர விதியாக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. 2025 தடைக்காலத்தில் ஊர்கள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கும் இதே விதி வேண்டும் என்று கூட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுத அனுமதி கேட்கிறேன். அரையிறுதியில் ஊதிய அந்த ரெஃப்ரியிடம் சங்கத்தின் சார்பில் நேரில் போய், தீர்ப்பு சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் உண்டு. நியமனக் குழுவுக்கு விருப்பமுள்ள மூத்தவர்கள் கூட்டம் முடிவதற்குள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும். மகனோ பேரனோ அணியில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்