மறைத்தார்கள் என்பதும் சுட்டார்கள் என்பதும்

அன்புள்ள சிவா,

நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

இனி அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலை விஷயம். நீ ஆறு பக்கம் எழுதியதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ‘இவ்வளவையும் மறைத்தவர்கள்தான் கொன்றிருப்பார்கள்.’ நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மறைத்தது உண்மை. அதற்கு ஆவணமே இருக்கிறது. ஆனால் அந்த ஆவணங்களில் ஒன்றுகூட 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரின் டீலி பிளாசா சதுக்கத்தில், போலீஸ் பிடித்த ஆஸ்வால்டைத் தவிர வேறொருவன் சுட்டான் என்று சொல்லவில்லை. சுட்டது யார் என்பது ஒரு வழக்கு, மறைத்தது ஏன் என்பது இன்னொரு வழக்கு. நீ ஒன்றின் சாட்சியைக் கொண்டுபோய் மற்றதன் கூண்டில் நிறுத்துகிறாய்.

முதலில் சுட்டதைப் பார்ப்போம். ‘5.6 நொடியில் அந்தப் பழைய துப்பாக்கியால் மூன்று முறை சுட முடியாது’ என்று எழுதியிருக்கிறாய். இந்த 5.6 எங்கிருந்து வந்தது தெரியுமா? அங்கே வேடிக்கை பார்த்த ஆப்ரகாம் ஜப்ரூடர் தன் 8 மி.மீ. கேமராவில் அந்தக் கொலையை எடுத்த படம் நொடிக்கு 18.3 ஃபிரேம் ஓடியது என்று எஃப்.பி.ஐ. சோதித்துக் கணக்கிட்டது. தலையில் குண்டு பட்டது 313-வது ஃபிரேம். அதற்கு முன் பட்ட குண்டு 210-க்கும் 225-க்கும் இடையில் என்று கொலையை விசாரித்த அரசுக் குழுவான வாரன் கமிஷன் வைத்தது. 313-லிருந்து 210-ஐக் கழித்தால் 103, அதை 18.3-ஆல் வகுத்தால் 5.6. ஆக, பட்ட இரண்டு குண்டுகளுக்கு நடுவே இருந்திருக்கக்கூடிய அதிகபட்ச இடைவெளிதான் இது. மூன்றாவது குண்டு குறி தவறியது. அது முதலில் சுட்ட குண்டாக இருந்தால் மொத்த நேரம் 7 நொடிக்கு மேல் போகும் என்று கமிஷன் அறிக்கையே சொல்கிறது. 160-வது ஃபிரேமை ஒட்டி முதல் வெடி என்று பலர் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் 8 நொடிக்கும் கொஞ்சம் அதிகம். அந்தத் துப்பாக்கியில் ஒரு முறை போல்ட்டை இழுத்துத் தள்ளி, மறுபடி குறிபார்த்துச் சுட எஃப்.பி.ஐ. கண்ட குறைந்தபட்ச நேரம் 2.3 நொடி. இன்னொன்றையும் கவனி. மூன்று வெடிக்கு போல்ட்டை இரண்டு முறைதான் இழுக்க வேண்டும். முதல் வெடியில்தானே கடிகாரமே ஓட ஆரம்பிக்கிறது. கடைசிக் குண்டுக்கான தூரம் 265 அடி, அதாவது 81 மீட்டர். கார் மணிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்தில், சுடுபவனை விட்டு நேராக விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்வால்டைப் போல மரைன் படையில் பயிற்சி பெற்றவனுக்கு இது எளிது என்று நான் சொல்லவில்லை. முடியாதது இல்லை.

கென்னடியையும் காரில் அவருக்கு முன்னால் இருந்த டெக்சாஸ் கவர்னரையும் ஒரே குண்டு துளைத்தது என்பதை மறுக்க ‘மாயக் குண்டு’ படத்தை வரைந்து அனுப்பியிருக்கிறாய். அதில் கவர்னர் கானலியைக் கென்னடிக்கு நேர் முன்னால், ஒரே உயரத்தில் உட்காரவைத்திருக்கிறாய். அப்படி வைத்தால் குண்டு காற்றில் வளைந்து நெளிந்துதான் போக வேண்டும்! அந்த லிங்கன் காரில் கானலி இருந்தது நடுவில் போட்ட மடக்கு இருக்கையில். பின்னிருக்கையை எவ்வளவு இறக்கினாலும் மடக்கு இருக்கை அதைவிட 3 அங்குலம் தாழ்ந்திருக்கும். கதவை ஒட்டியும் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். கானலி வலப்பக்கம் திரும்பியும் இருந்தார். இந்த மூன்றையும் சேர்த்து வரைந்து பார், கோடு நேராகும். அவர் முதுகில் இருந்த காயம் வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தது. வழியில் எதையோ துளைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பியபடி வந்த குண்டின் அடையாளம் அது. 224-வது ஃபிரேமில் அவர் கோட்டின் மடிப்பு துள்ளுவதையும், அடுத்த ஃபிரேமில் கென்னடி எதிர்வினை காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

ஆனால் அந்தக் குண்டைப் பற்றி நீ கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. வழக்கில் அதற்குச் சான்றுப் பொருள் 399 என்று பெயர். எடை 158.6 கிரெய்ன் (சுமார் 10.3 கிராம்), சுடப்படாத குண்டு 160, 161 இருக்கும். இழந்தது மிகக் கொஞ்சம். உன் இடத்தில் நான் இருந்தால் எடையில் அல்ல, கைமாறிய வரிசையில்தான் கைவைப்பேன். பார்க்லேண்ட் மருத்துவமனையின் ஸ்ட்ரெச்சரில் அதைக் கண்டெடுத்த ஊழியரும், வாங்கி மேலே அனுப்பிய சீக்ரெட் சர்வீஸ் (ஜனாதிபதியின் பாதுகாப்புப் படை) அதிகாரியும், பிறகு காட்டியபோது ‘இதேதான்’ என்று உறுதியாக அடையாளம் சொல்லவில்லை. எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்து உலுக்கியிருப்பார். ஆனால் 399-ஐத் தூக்கி எறிந்துவிட்டாலும் துப்பாக்கி போகாது. காரின் முன்பகுதியில் கிடைத்த இரண்டு பெரிய குண்டுத் துண்டுகளும் அதே C2766 எண்ணுள்ள கார்கானோ துப்பாக்கியிலிருந்து வந்தவை என்று அதன் குழல் குண்டில் பதித்த வரிகள் காட்டின. ஆஸ்வால்ட் வேலை பார்த்த புத்தகக் கிடங்கின் ஆறாம் மாடி ஜன்னலடியில் கிடந்த மூன்று காலி உறைகளும் அதனுடையவையே. சிகாகோ கடை ஒன்றுக்கு ‘ஏ. ஹைடல்’ என்ற பெயரில் 21 டாலர் 45 சென்ட் மணியார்டர் அனுப்பி அதை வாங்கியவன் ஆஸ்வால்ட். தபால் பெட்டி அவனுடையது, கையெழுத்தும் அவனுடையது.

ஜப்ரூடர் படத்தில் கென்னடியின் தலை பின்னால் சாய்வதைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் சதி என்று நம்ப ஆரம்பிக்கிறார்கள். நீயும் அப்படித்தான். காருக்கு முன்னால் வலப்பக்கம் இருந்த புல்மேட்டிலிருந்து சுட்டதால் பின்னால் தள்ளப்பட்டார் என்கிறாய். ஒரு கணக்குப் போடு. குண்டு சுமார் 10.4 கிராம். அந்தத் தூரத்தில் வேகம் நொடிக்குச் சுமார் 570 மீட்டர் என்று வை. பெருக்கினால் உந்தம் ஏறக்குறைய 6. கென்னடியின் எடை 77 கிலோ. குண்டு முழுவதும் உடம்பிலேயே தங்கிவிட்டாலும் நொடிக்கு 8 செ.மீ. வேகத்துக்கு மேல் உடம்பை நகர்த்த அதற்குச் சக்தி கிடையாது. படத்தில் தோளும் மார்பும் சேர்ந்து பின்னால் போகும் வேகம் அதைவிட மிக அதிகம். எந்தத் திசையிலிருந்து வந்த குண்டானாலும் அந்த அசைவைத் தனியாக உண்டாக்க முடியாது. நரம்புத் துடிப்பால் என்று சிலரும், சிதறல் முன்னால் பீய்ச்சியதன் எதிர்விசை என்று சிலரும் சொல்கிறார்கள். குண்டு வந்த திசையை எலும்புதான் காட்டும். மண்டையோட்டில் நுழைந்த ஓட்டை உள்பக்கம் அகன்றிருக்கும், வெளியேறிய ஓட்டை வெளிப்பக்கம். 1978-ல் வழக்கை மறுபடி விசாரித்த நாடாளுமன்றக் குழுவுக்காக எக்ஸ்ரேயும் புகைப்படங்களும் பார்த்த ஒன்பது பேர் தடயவியல் குழுவில் எட்டுப் பேர், பின்னாலிருந்து இரண்டு குண்டுகள் என்றே சொன்னார்கள். ஒருவர் மறுத்தார், அவர் சிரில் வெக்ட்.

பிரேதப் பரிசோதனை அலங்கோலமாக நடந்தது என்பதில் உன்னோடு எனக்கு ஒரு வேறுபாடும் இல்லை. சொல்லப்போனால், உன்னைவிட எனக்குத்தான் கோபம் அதிகம். அன்றைக்கு ஜனாதிபதியைக் கொல்வது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றமே இல்லை. 1965-ல்தான் அப்படிச் சட்டம் வந்தது. 1963-ல் அது டெக்சாஸ் மாநிலத்தின் கொலை வழக்கு, உடலைப் பரிசோதிக்க வேண்டியது டல்லஸ் கவுன்டி மருத்துவ அதிகாரி. அவர் வழிமறித்து நின்றார். சீக்ரெட் சர்வீஸ் அவரை மீறி உடலைக் கொண்டுபோனது. பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் பரிசோதனையைத் தொடங்கிய ஹியூம்ஸுக்கும் பாஸ்வெல்லுக்கும் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களில் போதிய அனுபவம் இல்லை. அது தெரிந்த ஃபிங்க் பிறகுதான் வந்து சேர்ந்தார். முதுகில் ஒரு ஓட்டை, உடலுக்குள் குண்டு இல்லை, வெளியேறிய வழியும் தெரியவில்லை என்று குழம்பினார்கள். காரணம், பார்க்லேண்டில் டாக்டர் பெர்ரி மூச்சுக்குழாய்க்கு வழி செய்யத் தொண்டைக் காயத்தின் மேலேயே கத்தியை வைத்து அறுத்திருந்தார். அங்கே ஒரு காயம் இருந்ததே ஹியூம்ஸுக்கு மறுநாள் காலை பெர்ரிக்குப் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் உடல் வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டது. குண்டு சென்ற பாதையை அவர்கள் அறுத்துப் பார்க்கவே இல்லை. ஹியூம்ஸ் தன் முதல் வரைவை வீட்டுக் கணப்பில் போட்டு எரித்தார். தலையில் குண்டு நுழைந்த இடத்தை அவர்கள் சொன்னதற்கும், பிற்காலக் குழுக்கள் எக்ஸ்ரேயில் பார்த்ததற்கும் 10 செ.மீ. வித்தியாசம். ஒரு நாட்டின் தலைவருக்கு இப்படி ஒரு பரிசோதனை செய்ததை மன்னிக்கவே முடியாது. சந்தேகத்தில் பாதி அந்த ஒரு இரவில் விளைந்தது.

‘1979-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே சதி என்றது’ என்றாய். ஆம், ‘அநேகமாக’ என்றது. ஆனால் அந்தக் குழுவும் பட்ட இரண்டு குண்டுகளையும் சுட்டது ஆஸ்வால்ட்தான் என்றுதான் எழுதியது. புல்மேட்டுக்காரன் சுட்டதாகச் சொல்லும் நான்காவது குண்டு யார்மீதும் படவில்லை. அதற்கு ஆதாரம் டல்லஸ் போலீஸின் வயர்லெஸ் பதிவு மட்டும். ஒரு மோட்டார் சைக்கிளின் மைக் திறந்தபடி இருந்துவிட்டது, அதில் பதிந்த ஒலித்துடிப்புகள் வெடிச்சத்தங்கள் என்றார்கள். 95 சதவீத நிச்சயம் என்றார்கள். பிறகு அந்தப் பதிவின் பிரதியை ஒரு பத்திரிகை தன் இதழோடு இணைப்புத் தட்டாகக் கொடுத்தது. ஓஹையோவைச் சேர்ந்த ஒரு டிரம்ஸ் கலைஞர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வெடிச்சத்தம் என்று சொல்லப்பட்ட அதே இடத்தில் மங்கலாக ஒரு குரல்: எல்லாவற்றையும் பத்திரமாக அப்படியே வைத்திருக்கச் சொல்கிறது. அது ஷெரிஃப் டெக்கர் இன்னொரு சானலில் பேசியது. சுட்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்துப் பேசியது. அப்படியானால் அந்தத் துடிப்புகள் பதிந்தபோது கார் டீலி பிளாசாவிலேயே இல்லை. தேசிய அறிவியல் அகாதமி 1982-ல் இதையே உறுதிசெய்தது. அதற்கு 2001-ல் ஒரு மறுப்பும், அந்த மறுப்புக்கு 2005-ல் ஒரு மறுப்பும் வந்தன. இரண்டையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன், எனக்கு அகாதமி பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது.

கொலை நடந்த இடத்தில் குடை பிடித்து நின்றாரே, அந்தக் குடைக்காரரை விட்டுவிடு. அவரே 1978-ல் குழுவின் முன் வந்து குடையை விரித்துக் காட்டினார். குடை, ஹிட்லரோடு சமாதானமாகப் போக நினைத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் அடையாளம். கென்னடியின் தந்தை அவர் கொள்கையை ஆதரித்ததைக் குத்திக்காட்டப் பிடித்த குடை அது.

ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்ற கிளப் முதலாளி ஜாக் ரூபியை விட முடியாது. மாஃபியா அனுப்பிய ஆள் என்கிறாய். நவம்பர் 24, ஞாயிறு. ஆஸ்வால்டை வேறு சிறைக்கு மாற்றுவது காலை 10 மணிக்கு மேல் என்று நிருபர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எதிர்பாராமல் ஓர் அஞ்சல்துறை ஆய்வாளர் விசாரணையில் சேர்ந்துகொண்டதால் அது நீண்டது. கிளம்பும்போது ஆஸ்வால்ட் ஸ்வெட்டர் கேட்டான், அதில் இன்னும் கொஞ்சம் நேரம் போனது. ரூபி அப்போது போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்து வெஸ்டர்ன் யூனியன் அலுவலகத்தில் வரிசையில் நின்று, தன் கிளப்பில் ஆடும் ஒரு பெண்ணுக்கு 25 டாலர் அனுப்பிக்கொண்டிருந்தான். ரசீதில் விழுந்த முத்திரை 11:17. சுட்டது 11:21. கொலைக்கு அனுப்பப்பட்டவன் சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகும் மணியார்டர் வரிசையில் நிற்பானா? உள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் சமிக்ஞை கொடுத்தார் என்றால், அந்த ஸ்வெட்டரும் திட்டத்தில் இருந்ததா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது மறைத்த வழக்கு. கொலைக்குச் சில வாரங்கள் முன்பு ஆஸ்வால்ட் டல்லஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் இறந்த பிறகு, மேலதிகாரி சொல்லி, ஏஜென்ட் ஹாஸ்டி அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டார். 1975 வரை வெளியே தெரியாது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல மாஃபியாவோடு சேர்ந்து சி.ஐ.ஏ. போட்ட திட்டங்கள் அதன் முன்னாள் தலைவர் ஆலன் டல்லஸுக்குத் தெரியும். அவர் வாரன் கமிஷனில் உறுப்பினராக உட்கார்ந்துகொண்டே வாயைத் திறக்கவில்லை. கென்னடி செத்த அதே நாளில் பாரிஸில் ஒரு சி.ஐ.ஏ. அதிகாரி, காஸ்ட்ரோவுக்கென்று விஷம் வைத்த பேனாவை ஒரு கியூபரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1978-ல் நாடாளுமன்றக் குழுவுக்கு ஆவணம் எடுத்துத் தர சி.ஐ.ஏ. அனுப்பிய ஜோஅனைடஸ், 1963-ல் காஸ்ட்ரோ எதிர்ப்பு மாணவர் அமைப்பை இயக்கியவர். அதே அமைப்பினரோடுதான் ஆஸ்வால்ட் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் தகராறு செய்தான். அந்த உண்மையைக் குழுவிடம் சொல்லவே இல்லை. இது கேவலமான மோசடி, சிவா. இதற்கு வேறு பெயர் கிடையாது.

ஆனால் மறைத்தது எதை? 2025 மார்ச்சில் கருப்பு மை நீக்கி வெளியிட்ட தாள்களை எடுத்துப் பார். 1961-ல் கென்னடிக்கு அவரது உதவியாளர் ஷ்லெசிங்கர் எழுதிய குறிப்பில் பல ஆண்டுகளாக மூடியிருந்த பத்தி திறந்திருக்கிறது. அதில் இருப்பது தூதரகங்களில் அரசியல் அதிகாரிகளாக இருந்தவர்களில் 47 சதவீதம் பேர் சி.ஐ.ஏ. ஆட்கள் என்ற விவரம். கொலைகாரன் பெயர் இல்லை. தங்கள் ஆட்களையும், தாங்கள் கோட்டைவிட்டதையும், தங்கள் சொந்தக் கொலைத் திட்டங்களையும் மூடிவைத்தார்கள். ஆவணத்துக்கு ஆவணம் இதுதான் வருகிறது.

உன் கடிதத்தில் ஒரு தேதிக்கு மட்டும் பதிலே இல்லை. ஆஸ்வால்ட் அந்தப் புத்தகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது அக்டோபர் 16. அவன் மனைவி தங்கியிருந்த வீட்டுப் பக்கத்தில் குடியிருந்த ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்ன வேலை அது. ஊர்வலம் அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் போகும் என்று முடிவானதே நவம்பர் நடுவில், பத்திரிகையில் முழுமையாக வந்தது 19-ம் தேதி. சதிகாரர்கள் ஒரு மாதம் முன்பே அவனை அந்த ஜன்னலுக்குக் கொண்டுவந்தது எப்படி? பாதையைத் தீர்மானித்தவர்களையும், வேலை சொன்ன பக்கத்து வீட்டுக்காரியையும், வேலை கொடுத்த மேலாளரையும் சேர்த்து ஒரு விளக்கம் எழுது. முழுதாக எழுது, பொறுமையாகப் படிக்கிறேன்.

அன்புடன்,
ரவி