தண்ணீரில் ஓடும் காரும் உன் சேமிப்பும்

அன்புள்ள செந்திலுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய காணொளியும் கிடைத்தன. உன்னுடன் வேலை பார்ப்பவர் தண்ணீரையே எரிபொருளாக்கும் கருவியொன்றைத் தன் காரில் பொருத்தியிருப்பதாகவும், அதைத் தொழிலாக வளர்க்க நண்பர்களிடம் பணம் திரட்டுவதாகவும், நீயும் உன் சேமிப்பில் ஒரு பகுதியைத் தரலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். பணம் உன்னுடையது, முடிவும் உன்னுடையதுதான். ஆனாலும் வேதியியல் ஆசிரியையாகவே காலத்தைக் கழித்த அம்மாவிடம் அபிப்பிராயம் கேட்டுவிட்டாய். பதில் சற்று நீளமாகத்தான் இருக்கும்.

காணொளியில் அவர் காட்டுவது எதுவும் பொய்யில்லை. கண்ணாடி ஜாடிக்குள் எஃகுத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, மின்சாரம் பாய்ந்ததும் அவற்றின்மேல் குமிழிகள் மொய்க்கின்றன, குழாய் வழியே வரும் வாயுவைப் பற்றவைத்தால் 'பட்'டென்று வெடிக்கிறது. எங்கள் ஆய்வகத்திலும் அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள்; மேசைக்கு அடியில் இருக்கும் பேட்டரியை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீ பார்க்க வேண்டியது அந்தப் பேட்டரியைத்தான்.

தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சாம்பல். ஒரு லிட்டர் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கச் சுமார் 16 மெகாஜூல் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். பிரிந்த வாயுக்களை மறுபடியும் சேர்த்து எரித்தால் அதே 16 மெகாஜூல்தான் திரும்ப வரும். தகட்டின் வடிவத்தை மாற்றினாலும், மின்சாரத்தை எந்த அதிர்வெண்ணில் துடிக்கவிட்டாலும், இந்த வரவு செலவு மாறாது. நடைமுறையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதால் நஷ்டம்தான் மிஞ்சும். ஹைட்ரஜனில் உண்மையாகவே ஓடும் டொயோட்டா மிராய் காரின் பின்னாலிருந்து வெளியே வருவது தண்ணீர்தான் என்பதை நினைத்துப் பார். வண்டி எதைக் கழிவாக வெளியேற்றுகிறதோ அதையே இவர் எரிபொருள் என்கிறார்.

முழுக்கத் தண்ணீரில் ஓடவில்லை, பெட்ரோலோடு கொஞ்சம் இந்த வாயுவும் சேர்வதால் மைலேஜ் கூடுகிறது என்று அவர் இறங்கி வந்து பேசக்கூடும் என்பதால் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரில் ஜோடித் தகடுகள் நிற்கும் கலங்கள் ஆறைத் தொடராக இணைத்த கருவி 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு வாயு பிரியும் என்று சொல்லும் ஃபாரடேயின் விதிப்படி ஒரு மணி நேரத்தில் சுமார் 50 லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் அதிலுள்ள ஆற்றல் வெறும் 17 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குத்தான் சமம். அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தர வேண்டும், ஆல்டர்னேட்டரை எஞ்சின் சுழற்ற வேண்டும். இரண்டிலும் ஏற்படும் இழப்பைத் தாராளமாகக் குறைத்தே மதிப்பிட்டாலும் அதற்கு ஒரு மணி நேரத்தில் 150 மில்லிலிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

அப்படியானால் அவருக்கு மைலேஜ் கூடியது எப்படி என்று கேட்பாய். புதிதாக ஒரு கருவியைப் பொருத்தியவர் ஆக்சிலரேட்டரைத் தன்னையறியாமலே மென்மையாக மிதிப்பார், அதுவே போதும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து எஞ்சினுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞையை மாற்றும் சிறு மின்சுற்றும் சில கருவிகளோடு வரும். அது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைத்துவிடும், பெயர் மட்டும் தண்ணீருக்குப் போகும். எனவே அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. தன் கருவியை மனதார நம்புகிறவராகவே இருக்கலாம். எஞ்சினில் தண்ணீருக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான எஞ்சின்களில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளித்தார்கள். ஆனால் அங்கே தண்ணீரின் வேலை குளிர்விப்பது மட்டுமே.

ஒஹாயோவில் நீ இருக்கும் கொலம்பஸ் நகரை ஒட்டிய குரோவ் சிட்டியில்தான் ஸ்டான்லி மேயர் வாழ்ந்தார் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை போக ஏறத்தாழ 83 லிட்டர் தண்ணீர் போதும் என்று சொல்லி, மணல்மேடுகளில் ஓட்டும் டியூன் பக்கி வண்டியொன்றைக் காட்டிப் புகழ்பெற்றவர். அவரிடம் பணம் போட்ட இருவர் வழக்குத் தொடுத்தார்கள். நிபுணர்கள் அவருடைய கலத்தைச் சோதித்து, அதில் நடப்பது மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் வழக்கமான மின்னாற்பகுப்புதான் என்றார்கள். 1996இல் ஒஹாயோ நீதிமன்றம் அது அப்பட்டமான மோசடி என்று தீர்ப்பளித்து, 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998 மார்ச்சில் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென விழுந்து இறந்தார். மூளை இரத்தநாள வீக்கமே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். எண்ணெய் நிறுவனங்கள் விஷம் வைத்துவிட்டன என்ற கதையோ இன்றும் ஓயவில்லை.

அந்தக் கதையை உன் நண்பரும் சொல்வார், மேயரின் காப்புரிமைகளையும் காட்டுவார். காப்புரிமை என்பது கருவி வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழ் அல்ல. தவிர, அவை காலாவதியாகிவிட்டன. படங்களோடு யார் வேண்டுமானாலும் படித்துச் செய்து பார்க்கலாம். எண்ணெய்க்காக அந்நியச் செலாவணியைக் கொட்டிக் கொடுக்கும் நாடுகள் எத்தனை! அவற்றில் ஒன்றாவது இதைச் செய்து காட்டியிருக்காதா? ஜப்பானில் 2008இல் ஜெனிபாக்ஸ் என்ற நிறுவனம் தண்ணீர்க் கார் என்று காட்டியதும் நம் பெங்களூரில் தயாரான ரேவா மின்சாரக் காரைத்தான். அடுத்த ஆண்டே கடையைக் கட்டிவிட்டது. மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்ன நம் ஊர் ராமர் பிள்ளையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆகவே அவரிடம் சண்டை பிடிக்காமல் ஒரே ஒரு சோதனைக்குச் சம்மதம் கேள். அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியியல் ஆய்வகத்தில் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அளக்கும் டைனமோமீட்டரில் ஏற்றி, பெட்ரோல் தொட்டியைக் கழற்றி, பேட்டரியின் மின்னிருப்பை முன்னும் பின்னும் அளந்து, அது தீர்ந்துபோகிற நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் ஓட்டிக் காட்டட்டும். தகடுகளையும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடைபோட வேண்டும். அலுமினியம் போன்ற உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து கரைந்தாலும் ஹைட்ரஜன் வரும், அப்போது எரிபொருள் அந்த உலோகமே. கருவியின் இரகசியம் வெளியே போய்விடும் என்று அவர் தயங்கினால், பெட்டியைத் திறக்காமலே, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் அளந்தால் போதும் என்று சொல். எடைபோடுவதற்குப் பெட்டியை முழுசாகவே தராசில் வைக்கலாம். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை காசோலையில் கையெழுத்துப் போடாதே. வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, எண்களை நானும் சரிபார்க்கிறேன்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா