டப்பாவை ஓரமாக வை, சேகர்

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். சாரதாவின் மூட்டுவலியும் நலமாகவே இருக்கிறது. மாமாவின் வழக்கு வழக்கம்போல அங்கேயே நிற்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ என்னைப் பேசவிடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

விதையில் (விரையில்) வந்த புற்றுநோய்க்காக உன் மகன் தினேஷுக்கு அடுத்த வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்கப்போகிறார்கள். நீயோ, ஜிங்க் (துத்தநாகம்), செலினியம் மாத்திரை வாங்கிவிட்டேன், இனி பேரப்பிள்ளைக்குக் கவலையில்லை என்றாயே! ஹாஸ்டலில் எல்லாவற்றுக்கும் ஜெலுசில் கொடுத்த கை அல்லவா.

உன் எண்ணம் முழுக்கத் தப்பில்லை. கதிர் உடம்பிலுள்ள தண்ணீரை உடைக்கிறது. அதில் பிறக்கும் மூர்க்கமான துணுக்குகள் மரபணுவைத் தாக்குகின்றன. அவற்றை அடக்கும் நொதிகளுக்கு (என்சைம்களுக்கு)த் துத்தநாகமும் செலினியமும் வேண்டும். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் விதையில் சேதம் குறைந்ததும் உண்மை. ஆனால் அமெரிக்காவில் குழந்தைக்காகக் காத்திருந்த 2,370 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம். 2020இல் வந்த முடிவு: விந்தணுவும் தேறவில்லை, பிள்ளைப்பேறும் கூடவில்லை. அவர்களுக்குக் கதிர்வீச்சே கிடையாது!

இன்னொன்று. அதே நொதிகள் புற்றுநோய்ச் செல்லிலும் உண்டு. விந்தணுவைக் காக்கப்போய்க் கட்டிக்குக் காவல் வைத்துவிட்டால்? டாக்டரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதே. துத்தநாகம் தினமும் 50 மில்லிகிராம் என்றாய்; பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40தான் உச்சவரம்பு. மாதக்கணக்கில் மீறினால் செம்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரலாம்.

ஆனால் என் பயம் மாத்திரை அல்ல, சேகர். அதை நம்பி நீ செய்யாமல் விடப்போவதுதான். ஒரு விதையை எடுத்தாயிற்று. மிச்சமுள்ளதற்கு ஈயக் கவசம் வைப்பார்கள்; ஆனாலும் கொஞ்சம் சிதறி வரும். 0.15 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) பட்டாலே விந்தணு உற்பத்தி சில மாதம் படுத்துவிடலாம். பெரும்பாலும் எழுந்துவிடும், எல்லோருக்கும் அல்ல. கரண்ட் வைக்கும் முன்பே விந்தணுவை எடுத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடலாம். வருடக்கணக்கில் கெடாது.

மாதிரி கொடுக்குமுன் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும், அதனால் இன்றைக்கே டாக்டரிடம் கேள். அவனோடு நீ போகாதே. அப்பா வெளியே உட்கார்ந்திருந்தால் எந்தப் பையனால் முடியும்? பாலுவை அனுப்பு.

நாள் குறித்ததும் எனக்குச் சொல். பணம் இடித்தால் அதையும் சொல், வீறாப்பு வேண்டாம்.

அன்புடன்,
ராமு