போர்வையை எடுத்துவிடுங்கள் சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களைப் பற்றி நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுதிக்கொள் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பது நான்தான் என்று தெரிந்தும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டீர்கள். மே மாத வெயிலில் போர்வை! உள்ளே இருந்தது சித்தியின் ஊதாப்பூ போட்ட நைட்டி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கைலி கட்ட இரண்டு கை வேண்டும். வலது கை விழுந்த பிறகு ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் நீங்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். கட்டினாலும் நிற்காது. இறுகி நின்றால் மூத்திரக் குழாயை அழுத்தும். குழாய் மடங்கக் கூடாது, மூத்திரம் சேரும் பை எப்போதும் வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். நைட்டியில் இடுப்பை இறுக்க ஒன்றும் இல்லை. ஜிப்பைத் திறந்து விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், அப்புறம் நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த அந்த வரிசையில், இப்போது சித்தியைக் கூப்பிடாமலே போட்டுக்கொள்கிறீர்கள். மூன்று மாதத்தில் நீங்களாகச் செய்த முதல் காரியம் அது சித்தப்பா. அதையா மூடி மறைப்பது?

துபாய் சத்வாவில் 18 வருஷம் கந்தூரா தைத்தவர் நீங்கள். தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு, கழுத்தில் ஒரு திறப்பு. அதைப் போட்டுக்கொண்டுதான் அரபி ஆண்கள் ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள். நைட்டிக்கு நெஞ்சுக்கு மேலே வைத்துத் தைக்கிற யோக் துண்டும் சுருக்கும் கூடுதல், அவ்வளவுதானே? வெள்ளைக்கார ஆண்களும் 19ஆம் நூற்றாண்டில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் நைட்ஷர்ட்டில்தான் தூங்கினார்கள். நம் நாட்டுப் பைஜாமா அங்கே போய்த்தான் அந்தப் பழக்கம் மாறியது. பெண்கள் உடுப்பு என்பது கடைக்காரர் எந்த அலமாரியில் அடுக்குகிறார் என்பதைப் பொறுத்தது. உடம்புக்கு அது தெரியாது.

ஊதாப்பூ உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் அளவுக்கென்று ஒன்று வேண்டும். சித்தியுடையது தோளில் பிடிக்கிறது, பார்த்தேன். வெளிர்நீலக் காட்டன் துணி 4 மீட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். ஜிப் எத்தனை இன்ச், இடது கைக்கு எட்டுகிற மாதிரி பாக்கெட் எவ்வளவு இறக்கத்தில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலோடு வருகிறேன். திண்ணையில் பாய் விரித்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வெட்டுகிறேன்.

உங்கள் அண்ணன் மகள்