கிணறு எத்தனை அடி?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு முழங்கால் வலியையும் மகளின் பிரசவத்தையும் காரணம் காட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் சோம்பல் என்றே எழுதிவிடுகிறேன். பேத்தி நலம். முழங்கால் அப்படியேதான். ஐப்பசி மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மட்டும் தலை நீட்டியிருக்கிறது. உன் அக்காவைச் சந்தையில் பார்த்தேன், உன்னைவிட இளமையாக இருக்கிறார். பெங்களூர் இட்லியைப் பற்றி மூன்று பக்கம் புலம்பியிருந்தாய். சர்க்கரைப் பொட்டலத்துக் கதை தெரிந்தவனிடமா உன் நாக்கின் பெருமையைப் பேசுகிறாய்?

விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுத் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி ஆழம்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. யோசித்து எழுது.

எங்கள் ஆயர் வாலிபர் வகுப்புக்கு நான்கு ஞாயிறு பாடம் நடத்தச் சொன்னார். தலைப்பு ‘தேவனுடைய வல்லமை’. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை, ஒப்புக்கொண்டேன். முதல் வாரம் செங்கடல். ‘பலத்த கையினாலும் ஓங்கிய புயத்தினாலும்’ என்று உபாகமத்திலிருந்து கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன். இரண்டாம் வாரம் கர்மேல் மலை. ஒரு பக்கம் 450 பாகால் தீர்க்கதரிசிகள், மறுபக்கம் எலியா ஒற்றை ஆள். நாலு குடம் தண்ணீரை மூன்று தரம் ஊற்றி நனைத்த பலிபீடத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி விழுகிறது. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பிளந்த வாய் மூடுவதற்குள் என் கிணற்றை இறக்கிவிட்டேன்.

சிறுவயதில் அந்தக் கிணற்றில் விழுந்து பிழைத்ததை, தேவன் எனக்குச் செய்த அற்புதம் என்று கூட்டங்களில் நான் சாட்சியாகச் சொல்லி வருவது உனக்குத் தெரியும். எப்படிச் சொல்லி வருகிறேன் என்பது தெரியாது. முதன்முதலில் தாராபுரத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது கிணறு ஐம்பது அடி. ஈரோட்டில் எழுபது. கோயம்புத்தூர் கன்வென்ஷனில் நூறு. ஊரைவிட்டு எட்டப் போகப் போகக் கிணறு ஆழமாகிக்கொண்டே போயிருக்கிறது. மோட்டார்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியது கால் மணி நேரம் இருக்குமா? அது பொழுது சாயும்வரை என்று நீண்டுவிட்டது. புறாக் குஞ்சு எடுக்கப் போனோம் என்பதை எந்த வருடம் விட்டேன் என்று நினைவில்லை. பாட்டிக்குத் தண்ணீர் சேந்தப் போன நல்ல பையனாக எப்போதோ மாறிவிட்டேன். நீ எப்போது கதையைவிட்டுப் போனாய் என்பதும் நினைவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கடைசியில் கிணற்றுக்குள் நானும் தேவனும் மட்டும்தான் இருந்தோம். “ஒரு கரம் என்னைத் தூக்கியது” என்று சொல்லி நிறுத்துவேன். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கவும் பழகிவிட்டேன்.

அன்றும் நிறுத்தினேன், அன்றும் கேட்டது. வகுப்பு முடிந்து பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு பெண் வந்து நின்றாள். நர்சிங் படிக்கிறவள், நம் சபை இல்லை, தோழி அழைத்து வந்திருக்கிறாள்.

“ஐயா, நீங்கள்தான் அந்த வாத்தியார் மகனா? புறாக் குஞ்சு எடுக்கப் போனவர்?”

மாப்பிள்ளை, எனக்கு பெஞ்சு கையைவிட்டு நழுவியது. சாட்சியிலிருந்து நான் என்றோ விட்டுவிட்ட புறாக் குஞ்சு அது.

“எங்கள் தாத்தா சொல்லுவார் ஐயா. ஆனால் தாத்தா சொல்லும்போது கிணறு நாற்பது அடிதான்.”

குத்திக்காட்டவில்லை. தாத்தா ஒருவேளை அளவைத் தவறாகச் சொல்லிவிட்டாரோ என்று சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

அவர் பெயர் மாரப்பன். அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நமக்கு அவர் ‘மேட்டுத் தோட்டத்துப் பண்ணையத்தாள்’, அவ்வளவுதானே? 1978இல் மாடு பூட்டிக் கவலை இறைப்பதை நிறுத்தி அங்கே மோட்டார் வைத்திருந்தார்கள். பழைய வடக்கயிறு மோட்டார் ரூம் சுவரில் சுருட்டி மாட்டியிருந்தது. அதை வேப்பமரத்தில் கட்டி இறங்கினார், என்னைத் துண்டால் முதுகோடு கட்டினார், ஏறினார். இதெல்லாம் நீ மேலிருந்து பார்த்தது. பாதியில் அவர் கால் வைத்த கல் பெயர்ந்தது. ஒரு நொடி இரண்டு பேர் பாரமும் அவர் வலது கையில் தொங்கியது. அப்போது ‘சடக்’கென்று ஒரு சத்தம் என் காதோரமாகக் கேட்டது.

அந்தச் சத்தத்தை நான் சாட்சியில் விட்டதே இல்லை. சத்துருவின் பிடி முறிந்த சத்தம் என்று சொல்லி வந்திருக்கிறேன். முறிந்தது அவர் தோள்.

அடுத்த சனிக்கிழமை வெள்ளகோவில் பஸ் பிடித்துப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கிளுவை வேலி ஓரமாக அரை மைல் நடை. பெரியவர் கட்டுத்தரையில் வெள்ளாட்டுக்கு வேலங்காய் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் வருவதைப் பார்த்ததும் கொடியிலிருந்த சட்டையை இடது கையால் இழுத்தார். பிறகு வலது கையை இடது கையால் தூக்கி, ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோலச் சட்டைக் கைக்குள் வைத்தார். அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. எனக்குக் கரும்பலகையில் நானே எழுதிய வசனம் நினைவுக்கு வந்தது. உட்காரச் சொல்லுமுன்பே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணெய்க் கட்டுப் போட்டார்களாம், தோள் சரியாக உட்காரவில்லையாம். அந்த வருடமே பண்ணையத்தைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஒற்றைக் கைக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது! அதிலிருந்து ஆடுதான்.

“எங்கள் அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே? ஏதாவது செய்திருப்பாரே?” என்று கேட்டேன்.

“நீங்கள்தானே தம்பி காலைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டாம் என்று அழுதீர்கள், இரண்டு பேரும்? மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன்.”

பிடித்தோம்தானே? ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பிக்காமல் ஓடிய குட்டு உடையக்கூடாது என்று. வாய்க்காலில் விழுந்தேன் என்று சொல்லி வீட்டில் நான் ஓர் அடிகூட வாங்காமல் தப்பினேன். அந்த மனிதர் பேத்தி பிறந்து அவளுக்குக் கதை சொல்லும்வரை வாயைத் திறக்கவில்லை. நானானால் அதற்குள் ஐந்து ஊர் மேடை ஏறியிருந்தேன்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே, “உயிரைக் காப்பாற்றினீர்கள், இத்தனை நாள் வந்து பார்க்கவில்லை” என்று இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார். “நான் எங்கே தம்பி காப்பாற்றினேன்? அந்நேரத்துக்கு எனக்குக் கிணற்றுப் பக்கம் வேலையே இல்லை. பண்ணாடி கண்ணில் படாமல் ஒரு பீடி குடிக்க ஒதுங்கினேன். கருப்பராயன்தான் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினான்.” வருடா வருடம் கோயில் நோம்பியில் இதைத்தான் சொல்லுவாராம். அங்கே ஒரு சாட்சி, இங்கே ஒரு சாட்சி, கிணறு ஒன்றுதான். அவருடைய சாட்சியில் நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், பீடிகூட இருக்கிறது. என்னுடையதில் அவர் இல்லை.

நீ நினைப்பது தெரிகிறது. ‘வல்லமை’ பாடம் நடத்துகிறவன் அங்கே என்ன பதில் சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை. மோரைக் குடித்தேன். என் விசுவாசம் அசைந்துவிட்டதென்று எண்ணாதே. அந்த மனிதரை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறுத்துவதற்குப் பீடியையும் தேவன் பயன்படுத்துவார். ஆனால் அவர் அனுப்பிய ஆளை அழித்துவிட்டு அவருக்கு மகிமை செலுத்துகிறேன் என்று நான் சொன்னதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆயரிடம் சொன்னேன். “சாட்சி என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், ஆவியானவர் அதையும் பயன்படுத்துவார்” என்று தோளைத் தட்டினார். எனக்குக் கோபம் வந்தது. ஆறுதலாகச் சொல்கிற ஆளைக் கண்டால் இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. வீட்டில் உன் தங்கை சொன்னது மேல்: “நூறு அடிக்குக் காணிக்கை வாங்கியிருக்கிறீர்கள். அறுபது அடிக்கு உண்டானதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”

மூன்றாம் வாரத்துக்கு நோய் குணமாகும் பகுதியை எடுப்பதாக இருந்தேன். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள ஸ்திரீக்குப் போகும் வழியில் லேகியோனிடம் மாட்டிக்கொண்டேன். எத்தனை தரம் பிரசங்கம் கேட்டிருப்போம்! பிசாசுகள் அவனைவிட்டுப் பன்றிக் கூட்டத்துக்குள் போனதும், அந்த மனிதன் இயேசுவோடு படகில் வருகிறேன் என்று கெஞ்சுகிறான். அவர் விடவில்லை. “உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப்போய்” சொல் என்கிறார். இதைக் கீழ்ப்படிதலுக்குப் பாடமாகவே கேட்டு வந்திருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. படகில் போய் அக்கரையில் சொன்னால் அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டில் சொன்னால் அவனைச் சங்கிலியால் கட்டியவன் எதிரே உட்கார்ந்திருப்பான். பன்றி ஐயாயிரம் என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால், “இரண்டாயிரம்தான் அப்பா, என்னுடையது” என்று பன்றிக்காரன் எழுந்து நிற்பான். நான் இருபது வருடமாகப் படகிலேயே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவன். நம் ஊர்ச் சபையில் ஒருதரமாவது சொல்லியிருக்கிறேனா? இல்லை. உன் அக்கா முன்வரிசையில் இருப்பாள் என்ற பயம்.

தாராபுரம் பக்கம் நம் சபைகளெல்லாம் வெஸ்லியன் மிஷன் வழி வந்தவை. அந்த ஜான் வெஸ்லியின் சாட்சியைத் தேடி எடுத்துப் படித்தேன். 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். போக மனமே இல்லாமல்தான் போனேன் என்று எழுதுகிறார். ரோமருக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது இருதயம் அனலடைந்ததாக உணர்ந்தாராம். அவ்வளவுதான், அக்கினி இல்லை, இடி இல்லை. மனமில்லாமல் போனதை மறைக்கவில்லை பார்! அந்த மனிதர் கையில் என் கிணறு கிடைத்திருந்தால் புறாக் குஞ்சை விட்டிருக்க மாட்டார்.

எலியா பாடத்திலும் கர்மேலோடு நிறுத்தியது என் தவறு. அடுத்த அதிகாரத்தில் அதே எலியா உயிருக்குப் பயந்து ஓடிச் சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்துக்கொள்கிறான். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து போகின்றன. எதிலும் கர்த்தர் இல்லை. பிறகுதான் அமர்ந்த மெல்லிய சத்தம். அதை நடத்தினால் வாய் பிளக்க மாட்டார்கள் என்று விட்டிருந்தேன். மூன்றாம் வாரம் அதைத்தான் நடத்தினேன். யாரும் வாய் பிளக்கவில்லை. ஒருவன் மட்டும் வகுப்பு முடிந்து, போன வருடம் அவன் அம்மாவுக்காக எத்தனையோ பேர் ஜெபித்தும் போய்விட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டு வாசல்வரை வந்தான். நூறு அடிக் கிணறுவரை போன முதல் இரண்டு வாரமும் அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை.

வருகிற ஞாயிறு கடைசி வகுப்பு. கிணற்றை உள்ளபடி சொல்லப்போகிறேன். அந்தப் பெண் தாத்தாவைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வருவாரா என்று தெரியவில்லை. ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அன்று அவர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது வேட்டி துண்டு கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் முழு வழியும் எனக்குத்தான் உடம்பு கூசியது.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நாற்பது அடி என்கிறார் அவர், எனக்கு ஐம்பதாகத் தெரிகிறது. தண்ணீர் எத்தனை படிக்குக் கீழே இருந்தது? வடத்தின் மறுமுனையை நீ பிடித்திருந்தாயா, ஓடிவிட்டாயா? உள்ளதை எழுது, எனக்காகக் குறைக்கவும் வேண்டாம், உனக்காகக் கூட்டவும் வேண்டாம். சனிக்கிழமைக்குள் கடிதம் வந்து சேராது என்றால் போன் செய்.

உன்,
புறா

பி.கு.: கிளம்பும்போது பெரியவர் வேலிவரை வந்தார். “கூட ஒரு குண்டுப் பையன் இருந்தானே, ஒற்றைச் செருப்போடு அழுதுகொண்டு போனான். அவனுக்கு இன்னொன்று கிடைத்ததா?” என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.