மாற்றுத்திறனாளி சான்று வழங்கும் மருத்துவக் குழுவினருக்கு

வணக்கம்.

மனச்சிதைவு நோயுள்ள ஒருவனின் அக்கா நான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் மனநோயும் உண்டு. ஆனால் குறைபாடு 40 சதவீதமாவது உண்டு என்று நீங்கள் எழுதினால்தான் பெரும்பாலான சலுகைகள் கைக்கு வரும். போன முறை தம்பியை அழைத்துப் போனபோது, "நல்லாத்தானே இருக்கார், கேட்டதுக்குப் பதில் சொல்றாரே" என்று அனுப்பிவிட்டார்கள்.

பதில் சொன்னான், உண்மைதான். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் பெரிதும் அடங்கிவிட்டன. அடங்காதது வேறு. எதையும் தொடங்க அவனுக்கு மனம் எழுவதில்லை. பசித்தாலும் கேட்க மாட்டான், தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடுவான். குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்பான், அந்த அப்புறம் இரண்டு மூன்று நாள்கூடப் போகும். லேத் பட்டறையில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் இப்போது ஒரு வேலையைப் பாதியில் விட்டு அப்படியே நிற்கிறான். நண்பர்கள் ஃபோன் செய்தால் எடுப்பதில்லை, அவர்களும் நிறுத்திவிட்டார்கள். மாத்திரையால் காலை பத்து மணிவரை தூக்கம், உடல் எடையும் ஏறிவிட்டது. பார்ப்பவர்கள் இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்கிறார்கள். இது நோயின் ஒரு பகுதி என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்று அவன் போட்டிருந்த துவைத்த சட்டை, மழித்த முகம், நேரத்துக்கு வந்து சேர்ந்தது எல்லாம் என் உழைப்பு. அதைப் பார்த்து அவனுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

மனநோயால் வரும் குறைபாட்டை அளக்க நீங்கள் பயன்படுத்தும் ஐடியாஸ் (IDEAS) அளவுகோல் தன்னைப் பேணுவது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கையும் அளக்கிறது. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். நோயாளி, பராமரிப்பவர், பழைய மருத்துவக் குறிப்புகள் என எல்லா வழியிலும் விவரம் கேட்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தயவுசெய்து அப்படிக் கேளுங்கள். அதுவும் தனியாகக் கேளுங்கள். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இவன் குளிக்க மாட்டான்" என்று நான் எப்படிச் சொல்வேன்? அவனுக்குக் கூச்சம் உண்டு, தன்மானம் உண்டு. அந்த அறையில் நான் பாதியை விழுங்கிவிடுகிறேன், அவனும் எல்லாவற்றுக்கும் "செய்வேன் சார்" என்கிறான்.

அவனிடமும் நான் இல்லாமல் பேசுங்கள். எது கஷ்டம் என்று அவன் சொல்லும் பட்டியல் என்னுடையதைப் போல் இல்லாமல் போகலாம். இரண்டையும் கேட்ட பிறகு சதவீதத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா